ஒற்றை ஊசி, இரண்டு சுவர்

(மூன்றாம் ஆண்டு, எலெக்ட்ரானிக்ஸ் அண்ட் கம்யூனிகேஷன்)



ரெக்கார்டைப் பற்றி எழுதியிருக்கிறேன் என்றதும் லேப் ரெக்கார்டு நோட்டு என்று பயந்து பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். இது பாட்டு ரெக்கார்டு. கறுப்பாக, வட்டமாக, நடுவில் ஓட்டையோடு இருக்குமே, அந்த இசைத்தட்டு. எங்கள் தாத்தா சேர்த்து வைத்த நாற்பது சொச்சம் தட்டுகளும் ஒரு ரெக்கார்டு பிளேயரும் வீட்டில் இருக்கின்றன. ஊசி தேய்ந்துபோனதால் புது கார்ட்ரிட்ஜ் வாங்க வேண்டிய நிலை. எதை வாங்குவது, எதை வாங்கக்கூடாது என்று படிக்க ஆரம்பித்தேன். எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரே பெயர் வந்து நின்றது. ஆலன் ப்ளம்லீன். கார்ட்ரிட்ஜைப் படிக்கப் போனவன் இந்த மனிதரைப் படித்துவிட்டுத்தான் எழுந்தேன்.

எடிசன் தெரியும், மார்க்கோனி தெரியும், இது யாருப்பா என்று கேட்பீர்கள். ஈ.சி.இ. நண்பர்கள் எல்லோரும் பரீட்சையில் இவர் சம்பந்தப்பட்ட சர்க்யூட்டை வரைந்திருக்கிறோம். 741 ஐ.சி.யின் வாசலிலேயே நிற்கிறதே டிஃபரன்ஷியல் ஜோடி, அது 1936ல் இவர் வால்வை வைத்து பேட்டன்ட் எடுத்த லாங் டெயில்ட் பேர் என்ற சர்க்யூட்டின் வாரிசு. ஆடியோ, டெலிவிஷன், ரேடார் மூன்றிலும் கை வைத்தவர். மொத்தம் 128 பேட்டன்ட். வாழ்ந்தது 38 வருடம்தான்.

1903 ஜூன் 29ஆம் தேதி லண்டனில் ஹாம்ப்ஸ்டெட் என்ற இடத்தில் பிறந்தார். அப்பா ஜெர்மனியிலிருந்து வந்து பிரிட்டிஷ் குடிமகன் ஆனவர். அம்மா தென்னாப்பிரிக்காவில் ஊழியம் செய்த ஒரு பாதிரியாரின் மகள். வீட்டு அழைப்பு மணி ரிப்பேரானபோது ஏழு வயதுப் பையன் அதைச் சரி செய்து, தன்னை எலெக்ட்ரிகல் இன்ஜினியர் என்று போட்டுக்கொண்டு, அப்பாவிடம் பில்லும் நீட்டினானாம். ஆனால் இதே பையனுக்கு 12 வயது வரை எழுத்துக்கூட்டிப் படிக்கவே தகராறு என்று சொல்வார்கள். கணக்கு மட்டும் தண்ணீர் பட்ட பாடு. லண்டன் சிட்டி அண்ட் கில்ட்ஸ் காலேஜில் ஸ்காலர்ஷிப் வாங்கிச் சேர்ந்து, 1923ல் முதல் வகுப்பில் பட்டம் பெற்று வெளியே வந்தார்.

முதல் வேலை 1924ல், இன்டர்நேஷனல் வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் என்ற டெலிபோன் கம்பெனியில். லைன்ஸ் பாடத்தில் வரும் லோடிங் காயில் ஞாபகம் இருக்கிறதா? அதில்தான் வேலை. ஒரு லைனில் பேசுவது பக்கத்து லைனில் கேட்கும் கிராஸ்டாக்கைக் குறைக்க வேண்டும். இதை ஏன் குறிப்பாகச் சொல்கிறேன் என்றால், இன்றைக்கு எந்த கார்ட்ரிட்ஜ் பெட்டியைத் திருப்பிப் பார்த்தாலும் சேனல் செப்பரேஷன் இத்தனை டெசிபல் என்று போட்டிருக்கும். இடது பக்கப் பாட்டு வலது பக்கத்தில் எவ்வளவு கசிகிறது என்ற கணக்கு அது. டெலிபோன் கம்பியில் அவர் துரத்திய அதே வியாதி ஊசி முனையிலும் உண்டு. நல்ல கார்ட்ரிட்ஜில் 1000 ஹெர்ட்ஸில் 20 முதல் 30 டெசிபல் வரை பிரிவு இருக்கும்.

1929ல் கொலம்பியா கிராஃபோஃபோன் கம்பெனிக்கு மாறினார். அங்கே ஐசக் ஷோன்பெர்க் என்பவர் மேலதிகாரி. ரஷ்யாவில் பிறந்து இங்கிலாந்து வந்த கெட்டிக்காரர். அன்றைக்கு மின்சார முறையில் தட்டு வெட்ட வேண்டுமென்றால் வெஸ்டர்ன் எலெக்ட்ரிக்காரர்களின் மெஷின்தான். அதற்கு ராயல்டி கட்டிக் கட்டி கம்பெனிக்கு வெறுத்துவிட்டது. அவர்கள் பேட்டன்ட் எதையும் தொடாமல் வேறு வழியில் ஒரு மெஷின் செய்து தரமுடியுமா என்பதுதான் 26 வயதுப் பையனுக்குக் கொடுத்த வேலை.

பழைய மெஷினில் இரும்புத் துண்டு ஆடும். அது கண்டபடி அதிராமல் இருக்க ரப்பரை வைத்து அடக்குவார்கள். ப்ளம்லீனும் ஹெர்பர்ட் ஹோல்மன் என்ற சக இன்ஜினியரும் அதைத் தூக்கிப்போட்டுவிட்டு, காந்தப் புலத்தில் காயில் ஆடும்படி வெட்டும் தலையைச் செய்தார்கள். அதிர்வையும் மின்காந்த முறையிலேயே அடக்கினார்கள். நம்ம லவுட்ஸ்பீக்கர் வேலை செய்யும் தத்துவம்தான். இதையே திருப்பிப் போட்டால், அதாவது ஊசி ஆட, காயில் ஆட, வோல்டேஜ் வந்தால், அதுதான் இன்று யானை விலை விற்கும் மூவிங் காயில் கார்ட்ரிட்ஜ்.

1931 மார்ச்சில் கொலம்பியாவும் கிராமஃபோன் கம்பெனியும் சேர்ந்து ஈ.எம்.ஐ. ஆனது. தாத்தாவின் தட்டுகளில் பாதிக்கு மேல் நாய் உட்கார்ந்து குழாயில் பாட்டு கேட்கும் ஹெச்.எம்.வி. படம் போட்டவை. அந்தக் குடும்பத்துக் கம்பெனிதான் இது.

இனிதான் கதையின் முக்கியமான இடம். அந்த வருடம் ப்ளம்லீன், தான் கல்யாணம் செய்துகொள்ளப் போகும் டோரீனுடன் சினிமாவுக்குப் போயிருக்கிறார். பேசும் படம் வந்த புதிது. திரையில் ஆள் ஒரு ஓரத்தில் நிற்கிறார், குரல் வேறு எங்கிருந்தோ ஒரே ஸ்பீக்கரிலிருந்து வருகிறது. எல்லோரும் படத்தைப் பார்த்துவிட்டு முறுக்கு தின்றுவிட்டு வருவோம். இவருக்கு அது உறுத்தியது. குரலும் ஆளோடு சேர்ந்து நடக்கும்படி செய்ய வழி இருக்கிறது என்று டோரீனிடம் அன்றைக்கே சொல்லிவிட்டார். 1931 டிசம்பர் 14ஆம் தேதி பேட்டன்ட் மனு போட்டார். எண் 394325. அதில் 70 உரிமைக் கோரிக்கைகள். மைக் எப்படி வைப்பது, சிக்னலை எப்படிக் கலப்பது, சினிமாவில் எப்படிக் காட்டுவது, தட்டில் எப்படி வெட்டுவது என்று எல்லாம் ஒரே மனுவில். ஸ்டீரியோ என்று நாம் சொல்வதை அவர் பைனாரல் என்று சொன்னார்.

தட்டு விஷயத்தைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன், ஏனென்றால் கார்ட்ரிட்ஜ் சமாச்சாரம் முழுக்க இதில்தான் அடங்கியிருக்கிறது. எடிசன் சிலிண்டரில் ஊசி மேலும் கீழும் ஆடியது. பெர்லினர் தட்டில் பக்கவாட்டில் ஆடியது. இரண்டு சேனல் வேண்டுமென்றால் இரண்டு பள்ளம், இரண்டு ஊசி என்றுதான் யாருக்கும் தோன்றும். ப்ளம்லீனுக்கு ஒரே ஊசி, ஒரே பள்ளம் போதும் என்று தோன்றியது. பக்கவாட்டு ஆட்டமும் மேல்கீழ் ஆட்டமும் ஒன்றுக்கொன்று செங்குத்து. எக்ஸ் அச்சில் நடப்பது வொய் அச்சுக்குத் தெரியாது. எனவே ஒன்றில் ஒரு சேனல், மற்றதில் இன்னொரு சேனல்.

இத்தோடு விட்டிருந்தாலே பெரிய விஷயம். ஆனால் பக்கவாட்டு ஆட்டமும் மேல்கீழ் ஆட்டமும் ஒரே தரத்தில் இருக்காது. ஒரு காது நன்றாகக் கேட்கும், இன்னொன்று சுமாராகக் கேட்கும். அதனால் இரண்டு அச்சையும் 45 டிகிரி சாய்த்துக்கொள்ளும் வழியையும் அதே பேட்டன்டில் சொல்லிவிட்டார். இப்போது பள்ளம் ஆங்கில வி எழுத்து மாதிரி. இரண்டு சுவருக்கும் நடுவே 90 டிகிரி. ஒரு சுவரில் இடது, மறு சுவரில் வலது. இன்று நாம் கையில் எடுக்கும் ஸ்டீரியோ தட்டில் நடு ஓட்டைக்குப் பக்கமாக இருக்கும் உள்சுவர் இடது சேனல், வெளிச்சுவர் வலது சேனல். இரண்டிலும் ஒரே சத்தம் வந்தால்? வெக்டர் போட்டுப் பாருங்கள். மேல்கீழ் ஆட்டம் அடிபட்டுப் போய் வெறும் பக்கவாட்டு ஆட்டம் மட்டும் மிஞ்சும். அது பழைய மோனோ தட்டின் ஆட்டமேதான். அதனால் ஸ்டீரியோ ஊசியில் மோனோ தட்டும் ஓடும். சும்மா சொல்லக்கூடாது, இதைப் புரிந்துகொண்ட அன்றைக்கு எனக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை.

பேப்பரோடு நிற்கவில்லை மனிதர். 1933 டிசம்பரில் முதல் சோதனைத் தட்டுகளை வெட்டினார்கள். 1934 ஜனவரியில் ஆபி ரோடு ஸ்டூடியோவில் தாமஸ் பீச்சம் லண்டன் பில்ஹார்மோனிக் குழுவை வைத்து மோசார்ட்டின் ஜூபிடர் சிம்ஃபனி ஒத்திகை பார்த்ததை இந்த முறையில் பதிவு செய்தார்கள். 1935ல் சினிமா ஃபிலிமிலும் செய்தார்கள். ஹேய்ஸ் ஸ்டேஷனில் ரயில் ஒரு பக்கம் வந்து மறு பக்கம் போகும். சத்தமும் கூடவே போகும். மேடை மேல் ஆட்கள் நடந்துகொண்டே பேசும் படமும் உண்டு. இவை இன்றும் பத்திரமாக இருக்கின்றன.

அப்புறம் என்ன ஆச்சு? ஒன்றும் ஆகவில்லை. பொருளாதார மந்தம் வேறு. வீட்டில் இரண்டு ஆம்ப்ளிஃபயர், இரண்டு ஸ்பீக்கர் வாங்கி வைக்க யாருக்கு வசதி? கம்பெனி எல்லோரையும் டெலிவிஷன் பக்கம் திருப்பிவிட்டது. ஸ்டீரியோ பெட்டிக்குள் போயிற்று. ப்ளம்லீனும் முகம் சுளிக்காமல் டெலிவிஷனில் இறங்கி 405 கோடு சிஸ்டத்தை உருவாக்கிய குழுவில் முக்கிய ஆளாக இருந்தார். 1936 நவம்பர் 2ல் பி.பி.சி. அலெக்சாண்ட்ரா பேலஸிலிருந்து ஒளிபரப்பை ஆரம்பித்தது. பெயர்டின் முறை சில மாதத்தில் கழன்றுகொள்ள, இவர்கள் முறை 1985 வரை இங்கிலாந்தில் ஓடியது. லாங் டெயில்ட் பேர் எல்லாம் இந்தக் காலத்துச் சரக்குதான்.

பிறகு யுத்தம். விமானத்திலிருந்து இருட்டிலும் மேகத்திலும் கீழே இருக்கும் ஊரை ரேடாரில் படமாகப் பார்க்கும் கருவி ஒன்று தயாராகிக்கொண்டிருந்தது. ஹெச்-டூ-எஸ் என்று பெயர். அதில் ஈ.எம்.ஐ. குழுவுக்குப் பங்கு. 1942 ஜூன் 7, ஞாயிற்றுக்கிழமை. டெஃபோர்ட் விமானதளத்திலிருந்து ஹாலிஃபாக்ஸ் ரகக் குண்டுவீச்சு விமானம் ஒன்று சோதனைக்குக் கிளம்பியது. உள்ளே ப்ளம்லீன், அவரோடு வேலை பார்த்த செசில் ப்ரவுன், ஃப்ராங்க் ப்ளைத்தன் எல்லோரும் இருந்தார்கள். வலது பக்க வெளி என்ஜினில் தீப்பிடித்தது. அணைக்க முடியவில்லை. வெல்ஷ் பிக்னர் என்ற கிராமத்துக்குப் பக்கத்தில், தரையை நெருங்கும் நேரத்தில் இறக்கை முறிந்து விழுந்தது. 11 பேரும் இறந்தார்கள். மூன்று வாரம் போயிருந்தால் ப்ளம்லீனுக்கு 39 முடிந்திருக்கும்.

மெக்கானிகல் நண்பர்கள் இதைக் கவனித்துப் படிக்க வேண்டும். எதிரி சுட்டதால் விழுந்த விமானம் இல்லை அது. என்ஜினைச் சோதனை செய்து மாட்டியபோது ஒரு டாப்பெட் லாக் நட்டைச் சரியாக முறுக்காமல் விட்டிருக்கிறார்கள். என்ஜின் ஓட ஓட நட்டு தளர்ந்து, டாப்பெட் இடைவெளி கூடி, இன்லெட் வால்வின் தண்டு அடிவாங்கி ஃபெடீக் ஆகி உடைந்தது. வால்வு மூடாததால் சிலிண்டர் தீ இன்டேக் பக்கம் ஓடியது. மீதி தெரிந்ததுதான். ஒர்க்‌ஷாப்பில் இன்ஸ்ட்ரக்டர் ஒவ்வொரு நட்டையும் ஸ்பேனர் போட்டுப் பார்க்கச் சொல்லும்போது நாம் முணுமுணுப்போம். எனக்கு இந்த விபத்து அறிக்கையைப் பற்றிப் படித்தபிறகு முணுமுணுக்க வாய் வருவதில்லை.

யுத்த ரகசியம் என்பதால் எப்படிச் செத்தார், எதற்காகச் செத்தார் என்று வெளியே சொல்லவில்லை. டோரீனும், சைமன், டேவிட் என்ற இரண்டு சின்னப் பையன்களும் மிஞ்சினார்கள். அந்த ரேடார் 1943 ஜனவரி கடைசியில் உபயோகத்துக்கு வந்தது. அவருடைய ஸ்டீரியோ தட்டு கடைக்கு வர இன்னும் பதினைந்து வருடம் ஆயிற்று. 1948ல் வினைல் எல்.பி. வந்து பழைய தட்டின் கரகரப்பு ஒழிந்தது. 1957ல் அமெரிக்காவின் வெஸ்ட்ரெக்ஸ் கம்பெனி 45/45 முறை வெட்டும் தலையை எல்லோருக்கும் காட்டியது. 1958ல் ஸ்டீரியோ தட்டு கடைக்கு வந்தது. பார்த்தால், ப்ளம்லீன் 1931ல் எழுதி வைத்த அதே சாய்ந்த சுவர்கள். ஆபி ரோடு ஸ்டூடியோவில் 2015ல் ஐ.ஈ.ஈ.ஈ. அவருடைய ஸ்டீரியோவுக்காக ஒரு நினைவுப் பலகை வைத்தது. 2017ல் தொழில்நுட்பத்துக்கான கிராமி விருதும் அவர் பெயருக்குக் கொடுத்தார்கள். கொடுத்த காலம்தான் தாமதம்.

சரி, கார்ட்ரிட்ஜ் என்ன ஆச்சு என்று கேட்கிறீர்களா? இந்த இரண்டு சுவர் மனதில் இருந்தால் வாங்குவது சுலபம். ஒரு கடைக்காரர் எந்த ஊசியானாலும் பாட்டு வரும் தம்பி என்றார். பாட்டு வரும், உண்மைதான். தட்டு போய்விடும். பழைய மோனோ கார்ட்ரிட்ஜின் ஊசி பக்கவாட்டில் மட்டும் தாராளமாக ஆடும், மேல்கீழாக விறைத்துக்கொண்டு நிற்கும். அதை ஸ்டீரியோ தட்டில் வைத்தால் சுவரை உழுதுவிடும். உழுத சுவரை எந்த ஆம்ப்ளிஃபயரும் திருப்பித் தராது.

சூட்கேஸ் மாதிரி விலை குறைந்த பிளேயர்களில் செராமிக் கார்ட்ரிட்ஜ் வரும். பீஸோ எலெக்ட்ரிக் சமாச்சாரம். வோல்டேஜ் நிறைய தரும், ஆனால் ஊசி மேல் நாலைந்து கிராம் பாரம் வேண்டும். மூவிங் மேக்னட் என்றால் ஊசித் தண்டின் பின்னால் குட்டி காந்தம் ஆடும், காயில் அசையாது. 3 முதல் 5 மில்லிவோல்ட் வரும், பாரம் 2 கிராம் போல. ஆம்ப்ளிஃபயரின் ஃபோனோ இன்புட் 47 கிலோ ஓம் இருந்தால் போதும், ஊசி தேய்ந்தால் ஊசியை மட்டும் கழற்றி மாற்றலாம். மூவிங் காயிலில் அரை மில்லிவோல்ட்டுக்கும் கீழேதான் வரும். அதற்குத் தனியாக ஸ்டெப்-அப் டிரான்ஸ்ஃபார்மரோ ப்ரீ-ஆம்ப்போ வேண்டும். பெரும்பாலும் ஊசியை நாமே மாற்றவும் முடியாது. ப்ளம்லீனின் காயில் மேல் எனக்கு எவ்வளவு பக்தி இருந்தாலும், மாணவன் பர்ஸுக்கு மேக்னட்தான்.

ஊசி முனையிலும் ஜாதி உண்டு. கூம்பு முனை மலிவு. தட்டின் உள்வட்டத்தில் பள்ளம் நெருக்கமாக நெளியும் இடத்தில் அது சுவரின் வளைவுக்குள் நுழையத் திணறும். நீள்வட்ட முனை ஒல்லியாக இருப்பதால் நுழையும். நான் நீள்வட்டம்தான் எடுத்தேன். 78 தட்டு வைத்திருப்பவர்கள் ஜாக்கிரதை: அதன் பள்ளம் ரொம்ப அகலம், அதற்குத் தனி ஊசி வேண்டும். ஆடியோ டெக்னிகாவின் வி.எம். 95 வரிசையில் ஒரே உடம்பில் இந்த ஊசிகளை எல்லாம் மாற்றி மாட்டலாம். அதன் உள்ளே காந்தங்கள் இரண்டு, வி எழுத்து மாதிரி சாய்ந்து நிற்கின்றன. எந்தச் சாய்வு என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

கணக்கு ஒன்றும் இருக்கிறது. டோன் ஆர்மின் எடையும் ஊசியின் கம்ப்ளையன்ஸும், அதாவது ஊசித் தண்டு எவ்வளவு நெகிழும் என்பதும், சேர்ந்து ஸ்பிரிங்கும் குண்டும் மாதிரி ஒரு அதிர்வெண்ணில் ஆடும். அது 8 முதல் 12 ஹெர்ட்ஸுக்குள் இருக்க வேண்டும். கீழே போனால் வளைந்த தட்டில் ஊசி துள்ளும், மேலே போனால் பாட்டில் கலக்கும். ஆர்மின் செயல் எடை 10 கிராம், கார்ட்ரிட்ஜும் ஸ்க்ரூவும் 6 கிராம், கம்ப்ளையன்ஸ் 15 என்று வையுங்கள். 16ஐ 15ஆல் பெருக்கினால் 240, அதன் வர்க்கமூலம் சுமார் 15.5, 159ஐ அதால் வகுத்தால் ஏறக்குறைய 10 ஹெர்ட்ஸ். பாஸ்.

வாங்கி வந்தால் மாட்டும்போது பின்னால் நாலு பின் இருக்கும், நாலு நிறக் கம்பி இருக்கும். வெள்ளை இடது பக்கம், நீலம் அதன் ரிட்டர்ன். சிவப்பு வலது பக்கம், பச்சை அதன் ரிட்டர்ன். பின்னில் சால்டரிங் அயர்னை வைக்காதீர்கள், உள்ளே முடி மாதிரி காயில் இருக்கிறது. குட்டி கிளிப்பைச் செருகினால் போதும். இடதையும் வலதையும் மாற்றிச் செருகினாலும் பாட்டு என்னவோ வரும். ஆனால் ஹேய்ஸ் ஸ்டேஷன் ரயில் எதிர்ப்பக்கமாகப் போகும்.